மூன்றாம் அடியில் மல்லிகை எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் ஞாயிறு மாணவர் பக்கத்தில், சுவாமி விபுலாநந்தரின் ‘வெள்ளைநிற மல்லிகையோ’ பாட்டுக்கு எழுதப்பட்ட நயப்புக் குறிப்பைப் பார்த்தேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கான குறிப்பு. பாட்டின் முதல் நான்கு அடியை மட்டும் போட்டிருந்தீர்கள். அதன் கீழே, ‘எதுகை, மோனை, இயைபு, உருவகம், வினாவிடை ஆகியன கையாளப்பட்டுக் கவிதைக்கு அழகு சேர்க்கின்றன’ என்று ஒரு வாக்கியம். ‘இறைவனுக்கு மலர் தேவையில்லை, தூய மனமே போதும் என்பது கருப்பொருள்’ என்று இன்னொரு வாக்கியம். இதைப் பாடமாக்கி எழுதினால் புள்ளி வரும் என்று என் பேத்தி சொல்கிறாள். வரட்டும். ஆனால் ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் அவருக்கு இரண்டு கண், ஒரு மூக்கு என்று சொல்லி முடிப்பதைப் போலத்தான் அந்தக் குறிப்பு எனக்குப் பட்டது. இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மட்டக்களப்பின் கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளாரின் சமாதியில் இதைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாட்டை எங்கள் பிள்ளைகளே இப்படி எண்ணிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நான் தமிழ் படிப்பித்தவன் அல்ல. ஆரையம்பதியில் தையல் கடை வைத்திருப்பவன். இளவயதிலிருந்து, எங்கள் பக்கத்தில் ஆடுகிற வடமோடிக் கூத்துக்குப் பிற்பாட்டுப் பாடியவன்; முன்னே பாடுகிறவரின் அடியை வாங்கிப் பின்னே பாடுவது அது. பின்னாளில் ஏடு பார்த்து ஆட்டக்காரருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கூத்து ஏட்டில் வெண்பா, விருத்தம், கொச்சகம், தரு எல்லாம் வரும். அசையும் சீரும் எங்களுக்குப் புத்தகத்தில் வந்தவை அல்ல. ஒரு சீர் குறைந்தால் மத்தளம் காட்டிக்கொடுத்துவிடும், ஆட்டக்காரரின் கால் தடுமாறும். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆட்டக்காரர்கூட, ‘இந்த அடியில என்னவோ குறையுது’ என்று சரியாகச் சொல்வார். பாட்டின் வடிவம் என்பதை நான் அப்படித்தான் அறிந்தேன். அந்தக் காதோடு இந்தப் பாட்டைப் பற்றிச் சிலது சொல்ல வேண்டும்.

முதலில், பாட்டு நான்கு அடியோடு முடியவில்லை. ‘ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று’ என்பது அதன் தலைப்பு. தலைப்பிலேயே மூன்று என்று இருக்க, ஒன்றை மட்டும் போட்டால் எப்படி? முழுவதும் இதோ:

வெள்ளைநிற மல்லிகையோ வேறெந்த மாமலரோ
வள்ளல் அடியிணைக்கு வாய்த்த மலரெதுவோ
வெள்ளைநிறப் பூவுமல்ல வேறெந்த மலருமல்ல
உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது

காப்பவிழ்ந்த தாமரையோ கழுநீர் மலர்த்தொடையோ
மாப்பிள்ளையாய் வந்தவர்க்கு வாய்த்த மலரெதுவோ
காப்பவிழ்ந்த மலருமல்ல கழுநீர்த் தொடையுமல்ல
கூப்பியகைக் காந்தளடி கோமகனார் வேண்டுவது

பாட்டளிசேர் பொற்கொன்றையோ பாரிலில்லாக் கற்பகமோ
வாட்ட முறாதவர்க்கு வாய்த்த மலரெதுவோ
பாட்டளிசேர் கொன்றையல்ல பாரிலில்லாப் பூவுமல்ல
நாட்டவிழி நெய்தலடி நாயகனார் வேண்டுவது

அடிக்கு நான்கு சீர். நான்கு அடிக்கும் ஒரே எதுகை. இரண்டு சீர் பாடி ஒரு மூச்சு, மறுபடி இரண்டு சீர். கூத்தில் வரும் கொச்சகத்தின் அமைப்பு இது. தரவு கொச்சகக் கலிப்பா என்று இலக்கணத்தில் படிப்பது இதை ஒட்டியதுதான். பெயரைப் பாடமாக்குவதைவிட, பிள்ளை கையால் தட்டி ஒருதரம் வாய்விட்டுப் பாடட்டும். அப்போது ஒன்று தானாகக் காதில் விழும். மல்லிகையோ, மாமலரோ, மலரெதுவோ என்று முதல் இரண்டு அடியில் மூன்று ஓகாரம். மூன்றும் குரலை இழுத்து நிறுத்துகிற இடங்கள். பிற்பாட்டுக்காரனுக்கு இப்படியான இடம்தான் வேண்டும். முன்னே பாடுகிறவர் ஓகாரத்தில் நிற்கும்போதே நாங்கள் அடியைக் கையேற்றுவிடுவோம். மூன்றாம் அடிக்கு வாருங்கள். பூவுமல்ல, மலருமல்ல. இழுக்க இடமே இல்லை. ‘ல்ல’ என்று குறிலில் வெட்டி நிற்கிறது. கேள்வியெல்லாம் திறந்த குரல், மறுப்பெல்லாம் வெட்டின குரல். இதை ‘வினாவிடை உண்டு’ என்று எழுதினால் ஒரு புள்ளி. கேட்கிறபோது குரல் ஏன் நீள்கிறது, மறுக்கிறபோது ஏன் சுருங்குகிறது என்று பிள்ளை எழுதினால், அந்தப் பிள்ளை பாட்டைக் கேட்டிருக்கிறது என்று பொருள்.

இனி மூன்றாம் அடி. இதைத்தான் எல்லாரும் திரும்பச் சொல்லல் என்று எழுதிக் கடந்து போகிறார்கள். என் பேத்தியின் ரியூசன் கொப்பியிலும் ‘முதலடி மீண்டும் வந்து ஓசை நயம் தருகிறது’ என்றுதான் இருக்கிறது. கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதலடி மீண்டும் வரவில்லை. முதலடியில் ‘வெள்ளைநிற மல்லிகையோ’. மூன்றாமடியில் ‘வெள்ளைநிறப் பூவுமல்ல’. மல்லிகை எங்கே? நிறம் மட்டும் மிஞ்சி, பெயர் போய்விட்டது. முதலடியில் ‘மாமலர்’, மூன்றாமடியில் வெறும் ‘மலர்’. அந்த ‘மா’ போய்விட்டது.

ஒருதரம் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரண்டாம் பாட்டில் ‘காப்பவிழ்ந்த தாமரையோ’ என்று கேட்டது, ‘காப்பவிழ்ந்த மலருமல்ல’ என்று திரும்புகிறது. தாமரையும் பெயரை இழந்துவிட்டது. ‘கழுநீர் மலர்த்தொடை’ என்பதில் மலர் உதிர்ந்து ‘கழுநீர்த் தொடை’ ஆகிறது. மூன்றாம் பாட்டில் ‘பொற்கொன்றை’ பொன்னை இழந்து வெறும் கொன்றையாகிறது. கற்பகம்கூடத் தப்பவில்லை, ‘பாரிலில்லாப் பூ’ ஆகிவிட்டது. மூன்று பாட்டிலும் கேட்கும்போது பூவுக்குப் பெயரும் பெருமையும் இருக்கிறது. மறுக்கும்போது ஏதாவது ஒன்று உரியப்படுகிறது. பேருக்கும் பெருமைக்கும் அங்கே மதிப்பில்லை என்று அடிகளார் எங்கும் எடுத்துச் சொல்லவில்லை. பெயரைக் கழற்றிக் காட்டிவிட்டார். திரும்பச் சொல்லல் என்று நாம் எழுதுகிற இடத்தில்தான் பாட்டின் வேலையே நடக்கிறது.

எதுகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை, வள்ளல், வெள்ளை, உள்ளம் என்று முதற் பாட்டில் குறிலை அடுத்து ளகரம். காப்பு, மாப்பிள்ளை, கூப்பிய என்றும் பாட்டளி, வாட்டம், நாட்டம் என்றும் மற்ற இரண்டிலும் நெடிலை அடுத்து ஒற்று. முதலெழுத்தின் அளவு ஒத்து இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும் என்ற விதிக்கு, ரியூசன் வகுப்பில் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டாம்.

மோனைதான் எனக்குப் பெரிது. ஒவ்வொரு பாட்டின் கடைசி அடியையும் எடுத்து, முதற் சீரையும் மூன்றாம் சீரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளம், உத்தமனார். கூப்பிய கை, கோமகனார். நாட்டவிழி, நாயகனார். முதற் சீரும் மூன்றாம் சீரும் ஒன்றுவதைப் பொழிப்பு மோனை என்பார்கள். சரி, அந்தப் பெயரை எழுதட்டும். எழுதிவிட்டு, அந்த மோனை எதையும் எதையும் கட்டுகிறது என்று கேட்கட்டும். முதற் சீரில் இருப்பது கும்பிடுகிறவரின் உறுப்பு. மூன்றாம் சீரில் இருப்பது கும்பிடப்படுகிறவரின் பெயர். மூன்று பாட்டிலும் அப்படியே. இந்த மூன்று பெயரில் உள்ளத்துக்கு மற்ற இரண்டோடும் மோனை வராது, உத்தமனாரோடுதான் வரும். கையைக் கோமகனாரோடும் கண்ணை நாயகனாரோடும் ஓசை சேர்த்துவிடுகிறது. ‘உனக்கும் அவருக்கும் நடுவில் வேறு பூ வேண்டாம்’ என்று பாட்டு சொல்வதை மோனையும் தன் பங்குக்குச் செய்கிறது. அடிகளார் இறைவனுக்கு மூன்று இடத்திலும் ஒரே பெயரை வைத்திருக்கலாம். ‘உத்தமனார் வேண்டுவது’ என்று மூன்றுதரமும் பாடினாலும் தாளம் கெடாது. பெயரை மாற்றியதே இதற்காகத்தான் என்பது என் எண்ணம். யாழ்நூல் எழுதியவர் அவர். பழைய யாழின் நரம்பையும் பண்ணையும் தேடித் தேடிக் கணக்குப் பார்த்து, 1947 இல் அந்த நூல் வெளிவந்து, அதே ஆண்டு ஜூலை 19 இல் கண்மூடினார். அப்படிப்பட்ட காது ஓர் எழுத்தைச் சும்மா வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இரண்டாம் அடிகளில் இறைவனுக்கு வருகிற பெயர்களும் இப்படித்தான். ரியூசன் கொப்பியில் இவற்றுக்கு ‘அடைமொழி’ என்று ஒரு சொல் மட்டும். ‘வாட்டமுறாதவர்’ என்பது ஏன் மூன்றாம் பாட்டில் வந்தது? அங்கேதான் கற்பகம் வருகிறது. கற்பகப் பூ வாடாது என்பார்கள். வாடாதவருக்கு வாடாத பூவைக் கொடுக்கலாமே என்று பாட்டில் கேள்வி கேட்கிற பெண் நினைக்கிறாள். ‘மாப்பிள்ளையாய் வந்தவர்’ ஏன் இரண்டாம் பாட்டில்? அங்கேதான் மலர்த்தொடை, அதாவது மாலை. மாப்பிள்ளை வந்தால் மாலை போடுவதுதானே வழக்கம். அதே பாட்டு ‘காப்பு’ என்ற சொல்லோடு தொடங்குவதும் எனக்கு ஒரு கலியாண வீட்டின் நினைவைத் தருகிறது. அங்கே அது மொட்டின் கட்டு அவிழ்வதைச் சொன்னாலும், காதுக்குக் கையில் கட்டுகிற காப்பும் சேர்ந்துதான் கேட்கிறது. முதற் பாட்டில் ‘வள்ளல்’. கொடுக்கிறவர் என்று பெயர் சொல்லிவிட்டு, நான்காம் அடியில் அவரே ‘வேண்டுவது’ என்று வருகிறது. அள்ளிக் கொடுக்கிறவர் ஒன்றைக் கேட்டு நிற்கிறார். இந்த முரணை அந்தக் குறிப்பில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

‘இறைவனுக்கு மலர் தேவையில்லை’ என்ற கருப்பொருளுக்கு வருகிறேன். இது பாட்டில் இல்லை. விடையைப் பாருங்கள். கமலம், காந்தள், நெய்தல். மூன்றும் பூ. பூ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ‘நீ நினைக்கிற பூ அல்ல, இந்தப் பூ’ என்றுதான் ஒருத்தி மற்றவளுக்குச் சொல்கிறாள். உள்ளமாகிய கமலம், கையாகிய காந்தள், விழியாகிய நெய்தல் என்று உருவகம். ‘உருவகம் அழகு சேர்க்கிறது’ என்று எழுதுவதால் என்ன பயன்? இந்த உருவகத்தை எடுத்துவிட்டால் பாட்டுக்கு விடையே இல்லாமல் போகும். கேள்வி ‘மலரெதுவோ’ என்பது. அதற்கு ‘மனம்’ என்று மொட்டையாகச் சொன்னால் கேள்விக்குப் பதில் ஆகாது. மனமே ஒரு மலர் என்றால்தான் கேட்டதற்குப் பதில். எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலுக்கு விடியற்காலையில் பூக்கொய்து கொண்டு போகிறவர்களை இந்தப் பாட்டு ஏளனம் செய்வதாகப் பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. பூக்கொய்கிற பெண்களின் பேச்சாகவே அல்லவா அடிகளார் இதைப் பாடியிருக்கிறார். கமலமடி, காந்தளடி, நெய்தலடி என்று வருகிற ‘அடி’, ஒரு தோழியை விளிக்கும் சொல். மகடூஉ முன்னிலை என்பார்கள். கும்மியிலும் இதே பேச்சுத்தான். 1924 இல் துறவு பூண்ட ஒருவர், உபதேசமாகச் சொல்லக்கூடிய ஒன்றை இரண்டு பெண்பிள்ளைகளின் பேச்சாக மாற்றிவிட்டார். மதங்க சூளாமணி என்று நாடக நூல் எழுதிய கை அது. யார் பேச வேண்டும் என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இருந்திராது.

முதல் நான்கு அடியை மட்டும் படித்த பிள்ளைக்குத் தெரியாமல் போகிற பெரிய விஷயம் ஒன்று உண்டு. முதற் பாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது கமலம். இரண்டாம் பாட்டில் மறுக்கப்படுவது தாமரை. இரண்டும் ஒரே பூ! குளத்தில் பூத்த தாமரை திருப்பி அனுப்பப்படுகிறது, உள்ளத்தில் பூத்தது ஏற்கப்படுகிறது. இன்னும் கிட்டப் போனால், மறுக்கப்பட்ட தாமரை ‘காப்பவிழ்ந்தது’, விரிந்தது. ஏற்கப்பட்ட காந்தள் ‘கூப்பியது’, குவிந்தது. பூ என்றால் விரிந்ததைத்தான் கொடுப்போம். இங்கே விரிந்தது வேண்டாம், குவிந்தது வேண்டும். சங்கப் பாட்டிலேயே விரலுக்குக் காந்தளைச் சொல்லியிருக்கிறார்கள். காந்தளின் இதழ்கள் மேல்நோக்கி எழுந்து நுனி கூடுவதைப் பார்த்தவருக்கு, தலைமேல் கூப்பிய கை உடனே தெரியும். பழைய உவமையைப் புதிய வேலைக்கு வைத்திருக்கிறார். மூன்றாம் பாட்டில் கொன்றையை மறுப்பதற்கும் துணிவு வேண்டும். கொன்றை சிவனுக்கே உரிய பூ, அவர் சூடுகிற பூ. அதையே ‘அல்ல’ என்கிறாள்.

கண்ணுக்கு நெய்தலைச் சொல்வதும் பழைய வழக்கம்தான். ஆனால் கண்ணுக்குக் குவளையையும் சொல்வதுண்டு. ஏன் நெய்தல்? நாட்டவிழி, நாயகனார் என்ற இரண்டுக்கும் நடுவில் ஓசை ஒட்டி நிற்க நகரம் உதவுகிறது என்பது ஒன்று. இன்னொன்று, நெய்தல் நீரில் நிற்கிற பூ. அகப்பாட்டில் நெய்தல் என்றால் இரங்கல், பிரிவை நினைத்து வருந்துவது. கடற்கரையும் வாவியும் பார்த்து வளர்ந்த காரைதீவுப் பிள்ளை அவர். காரைதீவு இப்போது அம்பாறை மாவட்டம். அவர் பிறந்த 1892 இல் எல்லாம் மட்டக்களப்புத்தான். அந்த விழியில் நீர் நிற்கிறது என்றே நான் படிக்கிறேன். பாட்டில் கண்ணீர் என்ற சொல் இல்லை. பூவின் பெயரே அதைச் சொல்லிவிட்டதால் சொல் தேவைப்படவில்லை.

உள்ளம், கை, கண் என்று மூன்றைச் சொன்னவர் வாயை ஏன் விட்டார் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். மனம், வாக்கு, காயம் என்பதுதானே வழக்கமான மூன்று. இங்கே வாக்கு இல்லை. பாட்டே வாக்கு என்பதால்தான் அதைத் தனியாக ஒரு பூவாக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. மற்ற மூன்றையும் கொடுக்கச் சொல்கிறவள், இதைப் பாடிக்கொண்டேதானே சொல்கிறாள். பரீட்சையில் இதற்குப் புள்ளி கிடைக்குமா என்று எனக்குக் கவலை இல்லை. இப்படி ஒரு கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்குப் பாட்டு பிடித்துப்போகும், அது போதும்.

அச்சு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது சிறிய விஷயம் அல்ல. உங்கள் பக்கத்தின் பத்தி ஒடுக்கமானதால் அடிகள் நடுவில் முறிந்து, ‘உள்ளக் கமல’ என்று ஒரு வரியும் ‘மடி உத்தமனார்’ என்று அடுத்த வரியும் ஆகிவிட்டன. என் பேத்தி, ‘அம்மப்பா, உத்தமனார்ர மடியா?’ என்று கேட்டாள். பிழை அவளுடையது அல்ல. ‘இல்ல மனே, கமலம் அடி. கூட்டாளிப் பொட்டையக் கூப்பிடுறா’ என்று பாடிக் காட்டினேன். உடனே பிடித்துக்கொண்டாள். அடி முறிந்தால் மோனையும் முறியும். நான் மேலே சொன்ன உள்ளமும் உத்தமனாரும் ஒரே வரியில் நின்றால்தான் கண்ணுக்குத் தெரியும். உரைநடையை எங்கே மடக்கினாலும் பெரிதாக ஒன்றும் கெடாது. பாட்டில் அடி என்பது ஆக்கியவர் வைத்த எல்லை. இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது இரண்டு பத்தி அகலத்துக்குப் போடுங்கள்.

ஆகவே, வருகிற ஞாயிறோ அதற்கடுத்ததோ, மூன்று பாட்டையும் முழுதாக, அடி முறியாமல் மாணவர் பக்கத்தில் மறுபடி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘இக்கவிதையில் காணப்படும் அணிகளைக் குறிப்பிடுக’ என்ற கேள்விக்குப் பக்கத்தில், ‘முதலடியில் இருந்து மூன்றாமடியில் இல்லாமற் போனது எது? ஏன்?’ என்று ஒரு கேள்வியையும் சேருங்கள். விடையை அச்சிட வேண்டாம். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கிருந்தாலும் பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும். நல்லதைப் போடுங்கள். மூன்று பாட்டையும் பாடிப் பார்க்க நேரமில்லை என்று சொல்கிற ஆசிரியர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நிதானமாகப் பாடினாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
கூத்துப் பிற்பாட்டுக்காரர் ஒருவர்,
ஆரையம்பதி.